பள்ளி மாணவர்களுக்குக் கார் பராமரிப்பு கற்றுத்தருவது: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் உடனே எதையாவது கழற்றத்தான் பார்ப்பார்கள். அந்த ஆர்வம் வேண்டும், அது இல்லாவிட்டால் இந்த வகுப்பே நடக்காது. ஆனால் கார் என்பது ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு. உள்ளே கொதிக்கும் நீர் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, அமிலம் நிரம்பிய பேட்டரி இருக்கிறது. அதனால் என் வகுப்பில் முதல் நாளே ஒரு விதி வைத்துவிடுவேன்: முதலில் சொல், அப்புறம் தொடு. எதைக் கழற்றப் போகிறாய், ஏன் கழற்றுகிறாய், கழற்றினால் என்ன நடக்கும், திரும்ப எப்படிப் பூட்டுவாய் என்ற நான்கையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கை போக வேண்டும்.

ஆசிரியருக்கும் ஒரு விதி உண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை தடுமாறும்போது ஸ்பேனரை வாங்கி நாமே முடித்துக் கொடுக்கத் தோன்றும். ஆபத்து இருந்தால் உடனே நிறுத்துங்கள், தயங்கவே வேண்டாம். ஆபத்து இல்லையென்றால் பொறுத்திருங்கள். ஐந்து நிமிடம் போராடிக் கழற்றிய நட்டை அந்தப் பிள்ளை மறக்காது.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் 12 வாரம் என்ற கணக்கில்தான் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். உங்கள் நேரத்துக்கு ஏற்பச் சுருக்கலாம், நீட்டலாம். ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம். தவறு செய்தாலும் சரிசெய்யக்கூடிய வேலைகள் முதலிலும், தவறினால் சேதமாகும் வேலைகள் பின்னாலும் வருகிற மாதிரிதான் அடுக்கியிருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

ஒரு கார் போதும். பழையதாக இருக்கட்டும், ஆனால் ஸ்டார்ட் ஆகி ஓட வேண்டும். அதன் உரிமையாளர் கையேடு கட்டாயம் தேவை. வகுப்பில் எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் புரட்ட வேண்டியது அதைத்தான். கூடவே ஒரு மேஜையில் கழற்றிய பாகங்களைப் பரப்பி வையுங்கள்: வழுக்கையாகத் தேய்ந்த டயர், அறுத்துத் திறந்த ஆயில் ஃபில்டர், புது பிரேக் பேடும் தேய்ந்த பேடும், பழைய ஸ்பார்க் பிளக்குகள், மரை கெட்ட போல்ட். தேய்ந்த பேடைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு 3 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு மெல்லியது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கருவிகளில் 8 மில்லிமீட்டரிலிருந்து 19 மில்லிமீட்டர் வரை சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), டயர் காற்று மானி, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர், டிராலி ஜாக்கி, ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட், சக்கரங்களுக்கு அடைகொடுக்கும் கட்டைகள் ஆகியவை அவசியம். ஒரு பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து, அந்தந்த இடத்திலேயே மாட்டி வையுங்கள். வகுப்பு முடியும்போது ஏதாவது உருவம் காலியாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இன்ஜின் அறைக்குள் மறந்து வைத்த ஸ்பேனர், வண்டி ஓடும்போது ஃபேனிலோ பெல்ட்டிலோ விழலாம்.

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் வேலை செய்ய வேண்டும், ஒருவர் கையேட்டைப் படித்துச் சொல்ல வேண்டும், ஒருவர் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். யார் எப்போது எந்த இடத்தில் என்பதை நீங்களே அட்டவணை போட்டு ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் சத்தமாகப் பேசுகிறவன் ஸ்பேனரை விடமாட்டான், பெண் பிள்ளைகள் குறிப்பு எழுதுகிற இடத்துக்குத் தள்ளப்படுவார்கள். இதை நான் ஒரு பருவம் முழுக்கக் கவனிக்காமல் விட்டேன். தேர்வில் அந்தப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் எழுதினார்கள், ஆனால் ஒரு வீல் நட்டைக்கூட அவர்கள் கழற்றியதில்லை. அதற்குப் பிறகு அட்டவணை இல்லாமல் வகுப்பைத் தொடங்குவதே இல்லை.

படி 1: எதைத் தொடக் கூடாது

பாதுகாப்புக் கண்ணாடி போடு, மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாம் கழற்று, நீண்ட முடியைக் கட்டு, மூடிய காலணி அணி என்பவை ஒரு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயங்கள். ஆனால் காரணத்தோடு சொல்லுங்கள். உலோக மோதிரம் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் மாட்டினால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைப் பொசுக்கிவிடும். இதைக் கேட்ட பிள்ளை தானாகவே மோதிரத்தைக் கழற்றும்.

மூடிய அறையில் இன்ஜினை ஓட்டக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம் என்று உடம்பு சொல்லும்போது ஏற்கெனவே நேரமாகியிருக்கும். கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைக்காமல் காரை வெளியே எடுங்கள்.

ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. சில கார்களில் சாவியை அணைத்த பிறகும் அது திடீரென்று சுற்றும். சூடான இன்ஜினில் ஃபேன் பக்கம் கை போகவே கூடாது.

அடுத்து, இந்தப் பாடத்தில் தொடவே கூடாதவை. அவற்றைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் தொடக் கூடாது, பெரும்பாலும் அதன் இணைப்பான்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடக் கூடாது. அவற்றில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட், உயிரை எடுக்கும். அமுக்கத்தில் இருக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஏசி வாயுக் குழாய், எரிபொருள் குழாய் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். பிரேக் ஆயில் குழாயைத் திறப்பதும் அப்படியே. தான் எதைச் செய்யக் கூடாது என்று ஒரு பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிந்தால், மற்றதைத் தைரியமாகச் செய்யும்.

படி 2: ஸ்பேனர் இல்லாத வகுப்பு

இரண்டாம் வகுப்பிலும் கருவி வேண்டாம். கையேடும் காரும் போதும். டயருக்கு எவ்வளவு காற்று, எந்த ஆயில், ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும், ஃபியூஸ் பெட்டி எங்கே, பானெட்டை எப்படித் திறப்பது என்று பத்துக் கேள்விகள் கொடுத்து, பதிலைக் கையேட்டிலிருந்தோ காரிலிருந்தோ தேடிவரச் சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் வேறொரு காரின் பதில் வரும். அதைச் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், டேஷ்போர்டில் எரியும் விளக்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு என்றால் பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனிக்க வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அது ஆயில் அளவைச் சொல்லவில்லை, ஆயில் அழுத்தம் இல்லை என்று சொல்கிறது. அந்த நிலையில் இன்னும் கொஞ்ச தூரம் போய்விடலாம் என்று ஓட்டினால் இன்ஜினின் பேரிங்குகள் தேய்ந்து போய்விடும். மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவதற்கும் கண்சிமிட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. சிமிட்டினால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியே போகிறது, அது புகைக்குழாயில் உள்ள, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எரித்துக் கெடுக்கும் என்று பொருள்.

படி 3: டயர்

டயரில் தொடங்குவதற்குக் காரணம், அதில் தவறு செய்தால் திருத்திக்கொள்ளலாம், அதே நேரம் உயிரைக் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முதலில் கரும்பலகைக்குப் போங்கள். 1,200 கிலோ காரின் எடை சுமார் 12,000 நியூட்டன். டயரில் காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ (காற்று மானி காட்டும் அலகு) என்றால் ஏறக்குறைய 2,20,000 பாஸ்கல். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 545 சதுர சென்டிமீட்டர். ஒரு டயருக்கு 136. விரல்களோடு சேர்த்து ஒரு உள்ளங்கை அளவுதான் அது. துல்லியமான கணக்கு அல்ல, டயரின் விறைப்பும் கொஞ்சம் தாங்கும். ஆனால் நான்கு உள்ளங்கைகள்தான் அவ்வளவு பெரிய காரைப் பிடித்து நிறுத்துகின்றன என்று தெரிந்ததும் வகுப்பே ஒரு கணம் அமைதியாகிவிடும். இயற்பியல் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கை அவரையே போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடாகி அழுத்தம் கூடியிருக்கும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நிரப்ப வேண்டிய அளவு அல்ல. இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் உண்டு. பஞ்சர் இல்லாத டயரிலும் மாதத்துக்குச் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும், அதனால் மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

பக்கவாட்டில் உள்ள எழுத்துகளையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். 205/55 ஆர்16 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ஆர் என்பது ரேடியல், 16 அங்குல ரிம். தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு எண்கள் 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகள் ரசித்துச் செய்வார்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பல நாடுகளில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது.

படி 4: ஸ்டெப்னி மாற்றுவது

நாளைக்கே சாலையில் உதவக்கூடிய வேலை இது, அதனால் இரண்டு வகுப்பு ஒதுக்குங்கள். ஆளைக் கொல்லக்கூடிய வேலையும் இதுதான். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் தலையோ கையோ காலோ போகவே கூடாது. வகுப்பில் இதை மீறினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது என்று சொல்லி, சொன்னபடியே செய்யுங்கள்.

சமமான கெட்டித் தரையில் காரை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட வேண்டும். மேனுவல் காராக இருந்தால் முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க் நிலையில் வைக்க வேண்டும். கழற்றப் போகும் சக்கரத்துக்கு எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். ஏன் என்று கேளுங்கள். தூக்கிய பிறகு நட்டைத் திருப்பினால் சக்கரமே சுற்றும், இறுகிய நட்டை இழுக்கும்போது கார் ஜாக்கியிலிருந்து சரியும். இதை யாராவது ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருங்கள்.

பிறகு கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கியை வைத்து, டயர் தரையை விட்டு இரண்டு விரல் கிளம்பும் வரை தூக்க வேண்டும். வகுப்பில் உடனே ஜாக்கி ஸ்டாண்டையும் வைத்துவிடுங்கள். சாலையில் ஸ்டாண்ட் இருக்காது. அப்போது ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்கவைக்கலாம். கார் சரிந்தாலும் அதன் மேல் வந்து நிற்கும். சக்கரத்தைக் கழற்றியதும் அதை அடியில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்து மாட்ட வேண்டும்.

நட்டுகளின் கூம்பான பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். எல்லாவற்றையும் முதலில் கையாலேயே முடிந்தவரை திருகி, அப்புறம்தான் ஸ்பேனர். ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே இருப்பதை இறுக்க வேண்டும், நட்சத்திரம் வரைவது போல. வரிசையாகச் சுற்றிவந்தால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். காரைத் தரையில் இறக்கிய பிறகு முழுமையாக இறுக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது? பெரும்பாலான சின்னக் கார்களில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், உங்கள் காருக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள். இங்கே மறுபடியும் கரும்பலகை. 50 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியில் 100 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் 200 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடை தொங்குவது போல. 25 சென்டிமீட்டர் என்றால் 40 கிலோ. வலுவில்லாத பிள்ளைகள் என்று யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. கைப்பிடியை நீட்டினால் யாரும் கழற்றலாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். சின்ன அளவு ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

யார் சீக்கிரம் மாற்றுகிறார்கள் என்று போட்டி வைக்க வேண்டாம். அவசரத்தில் நட்சத்திர வரிசையும் கட்டையும்தான் முதலில் மறந்துபோகும்.

படி 5: பானெட்டுக்கு உள்ளே

இன்ஜின் ஆயில் பார்க்கக் கார் சமதரையில் நிற்க வேண்டும். இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் ஆன பிறகு ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் முழுக்கச் செருகி, வெளியே எடுத்துப் படிக்க வேண்டும். முதல் முறை உருவும்போது தெரிவது குழாய் ஓரத்தில் ஒட்டிய ஆயில், அதை நம்பக் கூடாது. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். நிறையச் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மேல்கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் பேரிங்குக்கு அழுத்தம் கிடைக்காது. ஆயில் கறுப்பாக இருப்பது மட்டுமே கெட்டதற்கு அடையாளம் அல்ல. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கலந்திருக்கலாம், காரை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

கூலண்ட் மூடியை இன்ஜின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. இதை வெறும் தடையாகச் சொல்லாமல் விளக்குங்கள். மூடிய ரேடியேட்டரில் வெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் திரவம், மூடியைத் திறந்து அழுத்தம் விடுபட்ட அதே நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். பிரஷர் குக்கரை நினைத்துப் பார்க்கச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிந்தியதைத் துடைக்காமல் விட்டால் நாயோ பூனையோ நக்கிச் சாகும்.

பிரேக் ஆயில் தொட்டியில் அளவு குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகக் கூடாது, ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும். பேட் தேயத் தேய அளவு மெல்ல இறங்கும். திடீரென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அதற்கான தர அளவே 155 டிகிரிதான். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறினால் அது கொதித்துக் குமிழி உண்டாகி, பெடல் தரையைத் தொடும். அதனால்தான் பல கார்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

ஏர் ஃபில்டர், வைப்பர் பிளேடு, வாஷர் தண்ணீர் ஆகிய மூன்றையும் ஒரே மணி நேரத்தில் முடித்துவிடலாம். பிள்ளைகள் தாங்களே செய்துகொள்வார்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை மட்டும் வெறும் விரலால் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள், விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்ப் சீக்கிரம் போய்விடும்.

படி 6: ஆயில் மாற்றுவது

இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக்கினால் ஆயில் எளிதாக வடியும். கொதிக்கும் சூட்டில் வேண்டாம். காரை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, லேசாகத் தள்ளிப் பார்த்து, ஆசிரியர் நீங்களே சரிபார்த்த பிறகுதான் அடியில் போக அனுமதி. நைட்ரைல் கையுறை போட வேண்டும், பழைய ஆயில் தோலுக்கு நல்லதல்ல.

வடிகால் போல்ட்டைக் கழற்றும்போது உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருகி, கடைசி மரை விட்டதும் சட்டென்று எடுக்க வேண்டும். ஆயில் வடியும்போதே பழைய ஃபில்டரைக் கழற்றலாம். அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்து, மேலே இன்னொரு வளையம் உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீறிடும். புது வளையத்தில் விரலால் புது ஆயில் தடவி, வளையம் தொடும் வரை கையால் திருகி, பிறகு ஃபில்டரில் எழுதியுள்ள அளவு திருக வேண்டும். பெரும்பாலும் முக்கால் சுற்று. இதற்கு ஸ்பேனர் தேவையில்லை.

வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, கையால் திருகி, டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்க வேண்டும். என் இரண்டாம் ஆண்டில் ஒரு பையன் இந்தப் போல்ட்டைப் பலம் போட்டு இறுக்கினான். அலுமினிய ஆயில் தொட்டியின் மரை கழன்று போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன், வேறொரு குழுவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவனைத் திட்டவில்லை, ஏனென்றால் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று நான் அவனை வாய்விட்டுச் சொல்ல வைக்கவில்லை. சொல்லிவிட்டுத் தொடு என்ற விதி அந்த வாரம்தான் பிறந்தது. அந்த மரை கெட்ட போல்ட் இன்றும் என் மேஜையில் இருக்கிறது.

புது ஆயிலைக் கையேட்டு அளவை விடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் இன்ஜினை ஓட்டி, அடியில் கசிவு இருக்கிறதா பார்த்து, அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, குச்சியைப் பார்த்து மீதியை ஊற்ற வேண்டும். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு, சிறிய எண் என்றால் எளிது. பின்னால் உள்ளது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. பழைய ஆயிலை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அதை வாங்கும் மையத்தில் கொடுக்க வேண்டும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. கொண்டுபோய்க் கொடுக்கும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

படி 7: பேட்டரியும் மின்சாரமும்

கார் பேட்டரியில் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். முழுதாக நிரம்பி ஓய்வில் இருந்தால் மல்டிமீட்டர் 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால் பெரும்பாலும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஓடும்போதும் 12.3லேயே நின்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, அது சார்ஜே ஆகவில்லை. இந்த மூன்று அளவுகளை எடுக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் பெற்றோருக்கே வழி சொல்லும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மனப்பாடம் செய்ய வைக்காமல் காரணத்தைக் கேளுங்கள். காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் உடம்பில் பட்டால் பெரும் மின்னோட்டம் பாயும். நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டால் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

இன்னொரு காரிலிருந்து ஸ்டார்ட் செய்வதையும் இன்ஜின்கள் அணைந்த நிலையில் பழக்குங்கள். சிவப்பு வயர் இறந்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு வயர் நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை இறந்த காரின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரி பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அதனால்தான் தள்ளிப் போகிறோம். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில்.

வாட் = வோல்ட் × ஆம்பியர் என்ற கணக்கு இங்கே உயிர்பெறும். 55 வாட் முகப்பு விளக்கு 12 வோல்டில் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்து 9.2. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் விளக்கை அணைக்க மறந்தால் எத்தனை மணி நேரத்தில் காலியாகும்? ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. 10 ஆம்பியர் ஃபியூஸ் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயர் என்பதை ஒரு மெல்லிய கம்பி, பேட்டரியை வைத்து, நீங்களே செய்து காட்டுங்கள். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

படி 8: பிரேக்கைப் பார்க்க மட்டும்

சக்கரத்தைக் கழற்றியபோதே பிரேக் டிஸ்க்கும் பேடும் தெரியும். பேட் எவ்வளவு மிச்சம் என்று அளக்கட்டும். புதிதில் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டிய நேரம். தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, நுரையீரலுக்குப் போகும். பேட் மாற்றுவது இந்தப் பாடத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. முடியும் என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. ஆனால் 12 வாரம் கற்ற பிள்ளை தன் வீட்டுக் காரில் தனியாகச் செய்து பார்க்க நினைக்கும் வேலையாக அது இருக்கக் கூடாது.

படி 9: கோளாறைத் தேடுவது

இந்தப் பகுதிக்கு மூன்று வகுப்பு கொடுங்கள். அது வரை கற்ற எல்லாம் இங்கேதான் ஒன்றுசேரும்.

நீங்களே காரில் சின்னச் சின்னக் கோளாறுகளை வைத்துவிட்டு, வாடிக்கையாளர் போல வந்து சொல்லுங்கள்: "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கு ஸ்டார்ட் ஆகல." தளர்ந்த பேட்டரி முனை, எரிந்த ஃபியூஸ், எரியாத பிரேக் விளக்கு, காற்றுக் குறைந்த டயர், கழற்றிய இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) இணைப்பு போன்றவை நன்றாக வேலை செய்யும். காயில் கோளாறு வைத்தால் இன்ஜினைச் சில நொடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள். பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் வீல் நட்டிலும் பொய்க் கோளாறு ஒருபோதும் வைக்கக் கூடாது. வைத்ததையெல்லாம் தாளில் எழுதி, முடிவில் ஒவ்வொன்றாகச் சரிசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

பிள்ளைகள் மூன்று கேள்விகளோடு தொடங்க வேண்டும். என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, கடைசியாக என்ன மாறியது. ஸ்டார்ட் ஆகவில்லை என்பது போதாது. செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) சுற்றுகிறதா, டிக் டிக் என்று மட்டும் சத்தம் வருகிறதா, ஒன்றுமே இல்லையா? சுற்றினால் எரிபொருளையும் ஸ்பார்க்கையும் தேட வேண்டும். டிக் டிக் என்றால் பேட்டரியும் அதன் முனைகளும். ஒன்றுமே இல்லையென்றால் பேட்டரி முற்றிலும் இறந்ததா, ஃபியூஸா, கியர் பார்க்கில் இல்லையா என்று பார்க்க வேண்டும். எளிதானதையும் செலவில்லாததையும் முதலில் சோதிக்க வேண்டும்.

பிறகு ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார்களில் அதைச் செருகும் 16 முனை இணைப்பு கட்டாயம், பிற நாடுகளிலும் பின்னர் பரவியது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. இதைப் படித்ததும் ஸ்பார்க் பிளக்கை மாற்றலாம் என்று பிள்ளைகள் குதிப்பார்கள். குறியீடு சொல்வது அறிகுறியை மட்டும். பிளக்கா, காயிலா, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று எப்படிப் பிரிப்பது? முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான். மாறாமல் பி0301 என்றே இருந்தால் காயில் நல்லது, அடுத்ததைத் தேட வேண்டும். ஒரு பாகத்தையும் வாங்காமல் விடை கிடைத்த அந்த நிமிடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

படி 10: கடைசி நாள்

எழுத்துத் தேர்வு வைக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒரு காரைச் சுற்றிவர வேண்டும், 30 நிமிடம். நீண்ட பயணத்துக்கு இந்தக் கார் தயாரா என்று சொல்ல வேண்டும். டயர், விளக்கு, ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், பேட்டரி, வைப்பர், ஸ்டெப்னியில் காற்று என அளந்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எண்ணோடு எழுத வேண்டும். "நல்லா இருக்கு" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை, "முன் இடது 29 பிஎஸ்ஐ, 32 வேண்டும்" என்று எழுதினால் முழு மதிப்பெண். தாளின் கீழே மூன்று தலைப்புகள்: நான் இப்போதே சரிசெய்வது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியது, ஓட்டவே கூடாதது.

காரை நீங்கள் முன்கூட்டியே தயார்செய்யும்போது, ஸ்டெப்னியில் மட்டும் காற்றைக் குறைத்து வையுங்கள். கவனமான பிள்ளைகள்கூட அதை விட்டுவிடுவார்கள். விட்டவர்களிடம் காற்று மானியைக் கொடுத்து மறுபடி ஒரு சுற்று அனுப்புங்கள்.